இரண்டாம் தடவை பார்ப்பது

ஏகாம்பரநாதர் கோயிலின் ராஜகோபுரம் தெற்குப் பார்த்தது. 1509இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பியது. உயரம் கிட்டத்தட்ட 190 அடி. அதற்கு நேர் தெற்கே, கோபுரத்தைப் பார்த்தபடியே பின்னால் நடந்துகொண்டே வந்தால், சுமார் 250 மீட்டர் தள்ளி ஓரிடத்தில் கலசங்கள் நம் கண்ணுக்குப் பன்னிரண்டே முக்கால் பாகைக்குச் சற்று மேலே நிற்கும். காஞ்சிபுரத்தின் அட்சரேகையும் அதுதான்: 12 பாகை 50 கலை. எந்த ஊரிலும் வானத்தின் வடதுருவம் அந்த ஊரின் அட்சரேகை அளவு உயரத்தில்தான் இருக்கும். ஆக, அந்த இடத்தில் நிற்பவனுக்கு வானம் மொத்தமும் கலசத்தின் நுனியைச் சுற்றித்தான் சுழல்கிறது.

இது நான் காகிதத்தில் போட்டுப் பார்த்த கணக்கு. கண்ணால் பார்த்து உறுதி செய்ய முடியவில்லை. கோபுரத்தின் மின்விளக்கு ஒரு காரணம். இன்னொரு காரணம், பார்ப்பதற்கு அங்கே எதுவுமே இல்லை. துருவம் என்பது வெறும் இடம். துருவ நட்சத்திரம் என்று நாம் சொல்வது அந்த வெற்றிடத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர், அவ்வளவுதான். இன்றைய நிலையில் அது துருவத்திலிருந்து சுமார் 38 கலை தள்ளி இருக்கிறது. முழுநிலவின் அகலத்தைவிடச் சற்றுக் கூடுதல். துருவன் அசையாமல் நிற்பதாகக் கதை சொல்லி வளர்த்த ஊரில் அவரும் நாளுக்கு ஒரு முறை சின்னதாக ஒரு பிரதட்சிணம் வந்துகொண்டுதான் இருக்கிறார்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு மாடியில் நான் சில வருடங்களாக வானத்தைப் படம் எடுக்கிறேன். ஒரே படத்துக்கு ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று காமராவைத் திறந்து வைத்திருக்க வேண்டிய வகைப் படங்கள். அந்த நேரமெல்லாம் டெலஸ்கோப் ஒரே நட்சத்திரத்தை விடாமல் பின்தொடர வேண்டும். அதற்காகத்தான் டெலஸ்கோப்பை மவுண்ட் என்கிற சுழலும் ஏற்றியின் மேல் வைக்கிறோம். மவுண்டின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருந்துவிட்டால் போதும். பூமி கிழக்கே திரும்பும் அதே வேகத்தில் அதை மேற்கே திருப்பினால் வானம் நின்றுவிடும். மணிக்கு 15 பாகை, விநாடிக்கு 15 விகலை. பாகை, கலை, விகலை என்று பஞ்சாங்கக்காரர்கள் சொல்கிற அளவையையே இங்கே வைத்துக்கொள்கிறேன். ஒரு பாகைக்கு 60 கலை; ஒரு கலைக்கு 60 விகலை.

முதன்முதலில் அப்பாவிடம் இதை விளக்க முயன்றபோது, “அச்சு நேரா இருக்கணும்பா” என்றேன். ஐம்பது வருடம் தறியில் உட்கார்ந்தவர். “அச்சு நேரா இல்லாம பின்ன எப்படி நெய்யறது?” என்றார். அவருக்கு அச்சு என்றால் பாவு இழைகள் ஒவ்வொன்றாக உள்ளே நுழைந்து வருகிற சீப்புப் போன்ற தறிக்கருவி. எனக்கு அச்சு என்றால் சுழல்வது. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இருவரும் கொஞ்ச நேரம் வேறு வேறு பொருளைப் பற்றிப் பேசினோம். இப்போது யோசித்தால், அன்று நாங்கள் ஒரே பொருளைப் பற்றித்தான் பேசினோமோ என்று தோன்றுகிறது.

*

டெலஸ்கோப் மவுண்டுகள் நம் ஊரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. லண்டனில் துருவம் 51 பாகை உயரத்தில் இருக்கிறது. அங்கே அச்சு அழகாக நிமிர்ந்து நிற்கும். காஞ்சிபுரத்தில் அதையே 13 பாகைக்கும் கீழே படுக்க வைக்க வேண்டும். படுத்த அச்சு தன் பாரத்தை முழுக்க ஒரு சின்ன ஆணியின் மேல் போடுகிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய என் முதல் மவுண்டில் அந்த உயர ஆணி மூன்றே மாதத்தில் வளைந்துபோயிற்று. டெலஸ்கோப்புக்குச் சரிசமமாக மறுபக்கம் தொங்கும் எடைக்கல், அச்சு இப்படிப் படுத்துவிட்டால் நேர்கீழாக இறங்கி ட்ரைபாடின் காலில் இடிக்கும். அச்சுக்கு உள்ளே துருவ நட்சத்திரத்தைப் பார்ப்பதற்கென்று ஒரு சின்னக் குழல் இருக்கிறது. குளிர்நாட்டுக்காரன் லேசாகக் குனிந்து அதில் கண் வைக்கலாம். இங்கே இரண்டு முழங்காலையும் மொட்டை மாடித் தரையில் ஊன்றி, கழுத்தை ஒருபக்கமாக ஒடித்து, ஏறத்தாழ விழுந்து கும்பிடுகிற நிலையில்தான் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தாலும் தெரிவது அபூர்வம். 13 பாகை உயரத்தில் வருகிற வெளிச்சம், தலைக்கு நேர்மேலே இருந்து வருவதைப்போல நாலு மடங்குக்கு மேல் காற்றைக் கடந்து வருகிறது. புழுதி, புகை, தெருவிளக்கு, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் தாண்டி வந்து சேரும்போது துருவ நட்சத்திரம் பாதி செத்துப்போயிருக்கும். போதாததற்குக் காற்று அதைத் தூக்கியும் காட்டுகிறது. இந்த உயரத்தில் ஒளி வளைவதால் நட்சத்திரம் உள்ள இடத்தைவிட 4 கலை மேலே தெரியும். எனக்கு வேண்டிய துல்லியமே ஒன்றிரண்டு கலைதான். பார்த்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டால் அதிலேயே இத்தனை பிசகு.

தெற்கே திரும்பினால் நிலைமை வேறு. தை மாத இரவில் அகத்தியர் 24 பாகைக்கு மேல் ஏறி நின்று ஜொலிக்கிறார். இரவு வானத்து நட்சத்திரங்களில் இரண்டாவது பெரிய வெளிச்சம் அது. லண்டன்காரருக்கு அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. இமயத்தில் கல்யாணம் பார்க்க எல்லோரும் கூடியதால் வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்தது, சமன் செய்ய அகத்தியரைத் தெற்கே அனுப்பினார்கள் என்ற கதையைக் கந்தபுராணமும் சொல்கிறது. அந்தப் புராணம் அரங்கேறியது எங்கள் குமரகோட்டத்தில் என்பது ஊர் மரபு. எடைக்கல்லைத் தண்டில் ஏற்றி, முன்னும் பின்னும் நகர்த்தி, டெலஸ்கோப் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கிறதா என்று கையை விட்டுப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் குறுமுனிதான் நினைவுக்கு வருகிறார். எடைக்கல்லும் குள்ளம், கனம் அதிகம்.

*

துருவ நட்சத்திரம் இன்று வழிகாட்டுகிறது என்றால் என்றும் அப்படித்தான் என்று நினைக்கத் தோன்றும். பூமியின் அச்சு, வேகம் குறைந்த பம்பரம்போலத் தலையாட்டிக்கொண்டு, சுமார் 25,800 ஆண்டுகளில் ஒரு வட்டம் போடுகிறது. அதனால் துருவம் ஒரு நட்சத்திரத்தை விட்டு இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ராஜகோபுரம் கட்டிய 1509இல் இப்போதைய துருவ நட்சத்திரம் துருவத்திலிருந்து மூன்று பாகைக்கு மேல் விலகி இருந்தது. ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைலாசநாதர் கோயிலைக் கட்டியபோது ஏழு பாகைக்கும் மேல். அதற்கும் முன்னால், சங்கப் பாடல்களின் காலத்தில், துருவத்தின் அருகே சொல்லிக்கொள்ளும்படியான மீன் ஒன்றுகூட இல்லை. அந்தப் பாடல்களில் வடமீன் என்ற பெயரை வாங்கிக்கொண்டிருப்பவள் அருந்ததி. நம் பழைய வடமீன் திசைக்கு உரியதாக இருக்கவில்லை. கற்புக்கு உரியதாக இருந்தது.

இன்றும் கல்யாணத்தில் அம்மி மிதித்ததும் அருந்ததி காட்டுகிறார்கள். பட்டப்பகல் பத்து மணிக்கு மண்டபத்து வாசலில் ஐயர் கையை நீட்டுவார். மாப்பிள்ளையும் பெண்ணும் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தெரிகிறது என்று தலையாட்டுவார்கள். என் கல்யாணத்தில் நானும் ஆட்டினேன். இத்தனைக்கும் அந்த நேரத்தில் அருந்ததி எங்கே இருப்பாள் என்பது எனக்குத் தெரியும். காஞ்சிபுரத்தில் அவள் இருக்கும் சப்தரிஷி மண்டலமும் உதித்து மறைவதுதான். நாளில் பல மணி நேரம் அது தரைக்குக் கீழேயே இருக்கும். ஐயரின் விரல் காட்டிய இடத்தில் சாமியானா இருந்தது.

அப்படியானால் பல்லவனின் ஸ்தபதி கைலாசநாதர் கோயிலை எப்படிக் கிழக்குப் பார்க்க நிறுத்தினார்? நம்பும்படி ஒரு வடக்கு நட்சத்திரம் அவருக்குக் கிடையாது. சிற்ப நூல்கள் சொல்கிற முறையில் நட்சத்திரமே வராது. ஒரு முளையும் கயிறும் போதும். தரையைச் சமன் செய்து, நடுவில் முளையை நட்டு, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட வேண்டும். காலையில் முளையின் நிழல் நீளமாக மேற்கே விழும். வெயில் ஏற ஏறச் சுருங்கி வரும்போது நிழலின் நுனி ஒரு கணம் வட்டத்தைத் தொட்டு உள்ளே போகும். அங்கே ஒரு புள்ளி. உச்சி கடந்து பிற்பகலில் நிழல் கிழக்கே நீண்டு மறுபடியும் வட்டத்தைத் தொட்டு வெளியே போகும். அங்கே இன்னொரு புள்ளி. இரண்டையும் கயிற்றால் இணைத்தால் கிழமேல் கோடு. பிறகு அந்த இரு புள்ளிகளையும் மையமாக வைத்து இரண்டு வில் வீசினால் அவை ஒன்றையொன்று வெட்டி ஒரு மீன் உருவம் கிடைக்கும். நூல்களில் அதற்குப் பெயரே மீன்தான். அதன் தலையும் வாலும் வடக்கையும் தெற்கையும் காட்டும். காலைக்கும் பிற்பகலுக்கும் இடையே சூரியனே கொஞ்சம் இடம் மாறிவிடும் என்பதால் அதற்கும் திருத்தம் சொன்னவர்கள் உண்டு.

வானத்தில் இல்லாத வடமீனைத் தரையில் வரைந்துகொண்டார்கள் என்று இதை நான் வாசிக்கிறேன். அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது அந்தக் காத்திருப்பு. காலைப் புள்ளி மட்டும் இருந்தால் அது ஒரு புள்ளி, அவ்வளவே. அதே நிழல் அதே வட்டத்தை இரண்டாம் தடவை தொடும்வரை ஸ்தபதி அங்கேயே இருக்க வேண்டும். ஒரு தடவை பார்ப்பதில் திசை கிடைக்காது.

*

நட்சத்திரம் தெரியாத மாடியில் நான் செய்வதும் ஏறக்குறைய இதுதான். டிரிஃப்ட் என்று சொல்வோம்; நழுவலை வைத்துத் திசை பிடிப்பது.

தை மாதம், இரவு ஒன்பது மணி. துருவத்தை மறந்துவிட்டுத் தெற்கே திரும்புகிறேன். மிருகசீரிடத்துக்கும் திருவாதிரைக்கும் கீழே வரிசையாக நிற்கிற மூன்று மீன்களில் மேற்கு ஓரத்தில் உள்ளது வானத்தின் நடுக்கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. இந்த நேரத்தில் அது உச்சிக்குப் பக்கத்தில் வந்திருக்கும். லண்டனில் அதற்குப் பாதி வானம்கூட உயரம் கிடையாது. இங்கே 77 பாகை, தூசிக்கெல்லாம் மேலே. துருவத்தைத் தாழ்த்தி வைத்த அதே அட்சரேகை, நடுக்கோட்டைத் தூக்கிக் கொடுத்திருக்கிறது. டெலஸ்கோப்பை அந்த மீனின் மேல் திருப்பி, சிலுவைக் கோடு போட்ட கண்வில்லையின் நடுவில் அதை நிறுத்தி, மோட்டாரை ஓடவிட்டு, கையைக் கட்டிக்கொள்கிறேன்.

முதல் நிமிடத்தில் ஒன்றும் தெரியாது. மீன் கோட்டின் மேல் ஒட்டவைத்ததுபோல இருக்கும். சரியாகிவிட்டது என்று எழுந்திருக்கத் தோன்றுவது அப்போதுதான். இரண்டாம் நிமிடத்தில் கோட்டின் ஒரு பக்கம் கொஞ்சம் அதிக வெளிச்சமாக இருப்பதுபோல ஒரு சந்தேகம். மூன்றாம் நிமிடத்தில் அது சந்தேகமாக இருக்காது. மீன் தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே தப்பியிருக்கிறது. வடக்கே நழுவினால் மேற்கே. பக்கவாட்டு ஆணியைத் தொட்டும் தொடாமலும் ஒரு திருகு. மறுபடியும் மீனை நடுவில் கொண்டுவந்து, மறுபடியும் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். அது ஐந்து நிமிடம் அசையாமல் நின்ற பிறகு, கிழக்கே ஏறிவரும் ஆயில்யத்தின் மீன்களில் ஒன்றைப் பிடித்து இதையே இன்னொரு சுற்று. இங்கே தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது. வடக்கே என்றால் உயர்ந்திருக்கிறது. இப்போது உயர ஆணி. அதைத் தொட்டதில் பக்கவாட்டு ஆணி சற்று இளகியிருக்கும். திரும்ப உச்சி மீனுக்குப் போ. இப்படி ஒரு மணி நேரம், சில நாள் ஒன்றரை மணி நேரம்.

துருவ நட்சத்திரமே துருவம் என்று நம்பி அச்சை அதன் மேலேயே திருப்பிவிட்டால் என்ன ஆகும் என்பதையும் செய்து பார்த்திருக்கிறேன். செய்து பார்த்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. தெரியாமல் அப்படித்தான் செய்தேன். 38 கலைப் பிசகு, மோசமான பக்கமாக இருந்தால், நிமிடத்துக்குச் சுமார் 10 விகலை நழுவலாக வரும். ஐந்து நிமிடத்தில் 50 விகலை. என் டெலஸ்கோப்பும் காமராவும் சேர்ந்து ஒரு பிக்சலுக்கு ஒன்றரை விகலைக்குச் சற்று மேல் காட்டுபவை. ஆக முப்பது பிக்சல் நீளத்துக்கு ஒரு இழுவல். மிருகசீரிடத்துக்குக் கீழே இருக்கும் அந்தப் பெரிய புகைமண்டலத்தை ஓர் இரவு முழுக்க எடுத்துவிட்டு, காலையில் கணினியில் திறந்தால் ஒவ்வொரு நட்சத்திரமும் ஓர் அரிசி. அதில் ஆறுதல், எல்லா அரிசியும் ஒரே பக்கம் பார்த்துக் கிடந்தன. எவ்வளவு தவறினேன், எந்தப் பக்கம் தவறினேன் என்று அந்தப் படமே எழுதிவைத்திருந்தது.

அப்பாவிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டு, “கோணல் ஓடியிருக்கு” என்றார்.

அவர்கள் தொழிலில் அது தினசரிப் பேச்சு. குழித்தறி போடும்போது, நெய்த துணியைச் சுருட்டும் படைமரம் பாவுக்குச் செங்குத்தாக அமைய வேண்டும். மூலைக்கு மூலை கயிறு பிடித்து, இரண்டு குறுக்களவும் ஒன்றுதானா என்று பார்ப்பார்கள். அதிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு நூலளவு தப்பும். ஒரு பாவில் மூன்று சேலை. பதினெட்டு மீட்டருக்கு மேல் ஓடவேண்டிய பாவு. நூலளவு பிசகு முதல் விரற்கடையில் தெரியவே தெரியாது. “ஒரு முழம் நெஞ்ச பிறகுதான் அது வெளிய வரும். ஒரு பக்கத்துக் கரை விறைப்பா நிக்கும், இன்னொரு பக்கம் தொளதொளன்னு இருக்கும். அப்பத்தான் எந்தப் பக்கம் இழுக்கணும்னு தெரியும்” என்றார். கோர்வைச் சேலை என்றால் இன்னும் மோசம். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம், மூன்று நாடா, பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கிக் கொடுக்க ஓர் ஆள். உடலும் கரையும் கோத்துக்கொள்ளும் இடத்தில் ஒவ்வோர் ஊடையும் ஒரு கேள்வி. சின்ன வயதில் அந்தக் கரை நாடாவை வாங்கிக் கொடுத்தவன் நான்தான். தூக்கத்தில் ஓர் இழை தாண்டி விட்டுவிடுவேன். அடி விழுவது இரண்டு விரற்கடை நெய்த பிறகு. ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டால், “அப்பவே எனக்கு எப்படிடா தெரியும்?” என்பார்.

*

பெரிய மனிதர்களுக்கும் பாடு இதுதான். சென்னை நுங்கம்பாக்கத்தில் வானிலை மையத்து வளாகத்தில் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1792இல் கட்டப்பட்ட மதராஸ் வானாய்வகத்தில் மிச்சம் இருப்பது அது. தமிழ் உட்படப் பல மொழிகளில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். அத்தனை பெரிய கல்லை நட்டது எழுத்து வெட்டுவதற்காக இல்லை. மேலே வைத்த கருவி அசையக்கூடாது என்பதற்காக. உச்சிக்கோட்டை ஒரு நட்சத்திரம் கடக்கும் நொடியை இன்றும் நாளையும் அடுத்த வருடமும் பார்த்து ஒப்பிட வேண்டுமென்றால், பார்க்கிறவன் மாறினாலும் கல் மாறக்கூடாது. அந்த வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்திலிருந்து வந்தவர். 1867இல் ஒரு நட்சத்திரத்தின் வெளிச்சம் கூடிக் குறைவதைக் கண்டுபிடித்தார். அப்படிக் கண்டுபிடிப்பதற்கு ஒரே வழிதான் உண்டு. முன்பு பார்த்ததையே திரும்பவும் பார்ப்பது.

ஜவ்வாது மலைக் காவலூரில் இந்த அச்சை முழு உருவில் பார்க்கலாம். 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கி 1986 ஜனவரியில் திறக்கப்பட்டது. காவலூரின் அட்சரேகை 12 பாகை 34 கலை. எங்கள் மாடியிலிருந்து கால் பாகைதான் வித்தியாசம். ஒரு சனிக்கிழமை போயிருந்தேன். என் மவுண்டில் முழங்கால் போட்டுப் பார்க்கிற அதே சாய்வு அங்கே வீடு அளவு இரும்பாகப் படுத்துக் கிடந்தது. வடக்குப் பக்கம் குதிரை லாடம் மாதிரி வளைந்த ஒரு பெரிய தாங்கி. மற்றவர்கள் கண்ணாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்தச் சாய்வைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வளைந்துபோன என் உயர ஆணிக்கு இப்படி ஒரு பெரியப்பா இருப்பது ஏதோ கௌரவமாகப் பட்டது.

இப்போதெல்லாம் இவ்வளவு சிரமம் வேண்டாம். காமரா வானத்தின் ஏதோ ஒரு துண்டைப் படம் எடுக்கும்; மவுண்டைக் கொஞ்சம் திருப்பி இன்னொன்று; இன்னும் கொஞ்சம் திருப்பி மூன்றாவது. அந்த நட்சத்திரங்களை அடையாளம் கண்டு, மூன்று படமும் எந்த இடத்தைச் சுற்றித் திரும்பியிருக்கின்றன என்று மென்பொருள் கணக்குப் போட்டு, இத்தனை கலை இடது, இத்தனை கலை மேலே என்று சொல்லிவிடும். சில நிமிட வேலை. துருவ நட்சத்திரம் தெரியவே வேண்டியதில்லை. நானும் பல நாள் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் அதுவும் ஒரே படத்தை வைத்துக்கொண்டு எதையும் சொல்வதில்லை என்பதைக் கவனித்தேன். ஸ்தபதிக்கு இரண்டு புள்ளி, இதற்கு மூன்று.

*

2019 ஜூலையில், எங்கள் ஊர்க் கோயில் குளமான அனந்தசரஸுக்குள் படுத்திருக்கும் அத்திவரதப் பெருமாள் வெளியே எழுந்தருளினார். நாற்பது வருடத்துக்கு ஒரு தடவை, 48 நாள். ஊர் தாங்காத கூட்டம். எங்கள் தெருவில் விடியற்காலையில் பாவு விரித்து இழை சரிபார்க்கக்கூட இடம் இல்லாமல் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். அப்பா கூட்டத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தார். 1979இலும் பார்த்தவர் அவர். எப்படி இருந்தார் என்று கேட்டேன்.

“போன தடவ இன்னும் பெரிசா இருந்தாரு” என்றார். திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, “நான்தான் சின்னவனா இருந்திருப்பேன்” என்றார்.

அன்று இரவு ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். 1939இல் அத்திவரதர் வெளியே வந்தபோது துருவ நட்சத்திரம் துருவத்திலிருந்து ஒரு பாகைக்குச் சற்று மேல் விலகி இருந்தது. 1979இல் சுமார் 50 கலை. 2019இல் சுமார் 39. அவர் குளத்துக்குள் இருந்த ஒவ்வொரு நாற்பது வருடத்திலும் ஏறக்குறைய பத்துப் பத்துக் கலையாகத் துருவம் அதை நெருங்கியிருக்கிறது. 2059இல் அடுத்த தடவை வரும்போது 31 கலை அளவில் இருக்கும். 2100ஐ ஒட்டி 27 கலைவரை வந்து, அதோடு விலகத் தொடங்கிவிடும். தொடவே தொடாது. ஒருவர் தன் ஆயுளில் பெரும்பாலும் இரண்டு தடவைதான் அத்திவரதரைப் பார்க்கலாம். அந்த இரண்டு தடவைக்கு இடையே துருவம் நகர்ந்ததைக் கண்ணால் யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் பத்துக் கலை என்பது என் மாடியில் சின்ன அளவு இல்லை. பத்துக் கலை தப்பினால் ஐந்து நிமிடப் படத்தில் நட்சத்திரம் எட்டுப் பிக்சல் இழுபடும்.

போன மாசியில் ஓர் இரவு எல்லாம் கூடி வந்தது. இரண்டு மீனும் ஐந்து நிமிடம் நின்றன. பத்து நிமிடமும் நின்றன. விடிவதற்குள் ட்ரைபாடின் மூன்று கால்களும் ஊன்றிய இடங்களில் வெள்ளைப் பெயின்டால் புள்ளி வைத்துவிட்டேன். இனி எந்த இரவும் காலைப் புள்ளியில் வைத்தால் போதும் என்று நினைப்பு. கீழே இறங்கும்போது தெருவில் பாவு விரித்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அரக்குச் சிவப்பு. காலையில் வடாம் காயப்போட வந்த பக்கத்து வீட்டுப் பெரியம்மா புள்ளிகளைப் பார்த்துவிட்டு, “மூணு புள்ளிய வெச்சுட்டு அப்படியே வுட்டுட்டியேப்பா, கோலம் எங்க?” என்று கேட்டார்.

அடுத்த இரவு ட்ரைபாடைப் புள்ளியில் ஊன்றினேன். ஒரு காலின் நுனி பெயின்ட் மேல் ஒரு மில்லிமீட்டரோ ஒன்றரையோ தள்ளி உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்றாம் நிமிடத்தில் மீன் மெதுவாகத் தெற்கே இறங்கத் தொடங்கியது. பத்துக் கலையாவது இருக்கும். அத்திவரதர் குளத்துக்குள் நாற்பது வருடம் படுத்திருக்கும்போது நடப்பது, ட்ரைபாடை மாடி அறையில் வைத்துவிட்டு மறுநாள் எடுத்ததில் நடந்துவிட்டிருந்தது. பக்கவாட்டு ஆணியைத் தேடிக் கையை நீட்டினேன்.